விண்வெளி ராடாருக்குப் பணம்: அமெரிக்கக் காங்கிரஸ் வெட்டியது சரியா?

வட்டப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவின் புதிய ஏவுகணைத் தடுப்புத் திட்டமான கோல்டன் டோம் பற்றி இங்கே நிறையப் பேசியாயிற்று. இடைமறிக்கும் ஏவுகணை, லேசர், செலவு எல்லாமே வந்துவிட்டது. ஆனால் சுடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்காக, குறிப்பாக விண்வெளியில் ராடார் வைப்பதற்காக, அமெரிக்க ராணுவம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடம் பணம் கேட்ட கதை கால் நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. அதைத் தனியாக ஒரு இழையில் பேசலாம் என்று தோன்றியது.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1998-இல் டிஸ்கவரர் 2 என்று ஒரு திட்டம். விமானப்படை, ராணுவ ஆராய்ச்சி முகமையான டார்ப்பா, உளவுச் செயற்கைக்கோள்களைக் கவனிக்கும் என்.ஆர்.ஓ. ஆகிய மூன்றும் கூட்டு. முதலில் சோதனைக்கு இரண்டு செயற்கைக்கோள்கள், அது வெற்றி பெற்றால் 24 செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றையும் 10 கோடி டாலருக்குள் செய்துவிடலாம் என்பது இலக்கு. 2000-ஆம் ஆண்டில் பிரதிநிதிகள் அவையின் ஒதுக்கீட்டுக் குழு இதை ஏற்கவில்லை. திட்டம் நின்றது. தொழில்நுட்பத்தை வளர்க்க மட்டும் கொஞ்சம் பணம் விட்டுவைத்தார்கள்.

அடுத்த ஆண்டே ‘விண்வெளி சார்ந்த ராடார்’ என்று வேறு பெயரில் திரும்பி வந்தது. 2005 நிதியாண்டுக்குக் கேட்டது சுமார் 32.8 கோடி டாலர்; கிடைத்தது 7.5 கோடி. பிறகு பெயரைச் சுருக்கி ‘விண்வெளி ராடார்’ ஆக்கினார்கள். 2006 நிதியாண்டுக்குக் கேட்டது 22.6 கோடி, கிடைத்தது ஏறத்தாழ 10 கோடி. 2008 மார்ச்சில் கட்டுப்படியாகாது என்று பாதுகாப்புத் துறையான பென்டகனே மூடிவிட்டது. ஒரு செயற்கைக்கோள்கூட மேலே போகவில்லை.

2000-இல் செய்தது போல முழுதாக மறுத்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2005, 2006-இல் செய்ததைத்தான் ஏற்க முடியவில்லை. கேட்டதில் கால் பங்கும் பாதியும் கொடுத்தால் அலுவலகம் நடக்கும், ஒப்பந்தக்காரர்கள் ஆய்வறிக்கை எழுதுவார்கள், ஆனால் எதையும் கட்ட முடியாது. கிணற்றைப் பாதி தோண்டிவிட்டு வருஷா வருஷம் கூலி மட்டும் கொடுப்பது மாதிரி. காங்கிரஸின் பங்கு இதில் என்ன என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நிதியறிக்கை வாசகி

நல்ல இழை. ஆனால் ‘காங்கிரஸ் வெட்டியது’ என்று ஒரே கையாகப் பார்த்தால் பாதி விஷயம் தெரியாமல் போய்விடும்.

அங்கே பணம் இரண்டு கதவு தாண்டி வர வேண்டும். முதலில் ஆயுதப்படைக் குழுக்கள் எழுதும் பாதுகாப்பு அனுமதிச் சட்டம். அது ‘செய்யலாம், இவ்வளவு வரைக்கும் செய்யலாம், இந்த நிபந்தனையோடு செய்யலாம்’ என்று சொல்லும். பணத்தை உண்மையில் எடுத்துக் கொடுப்பது ஒதுக்கீட்டுக் குழுக்கள் எழுதும் தனிச் சட்டம். இரண்டு அவைகளிலும் இரண்டு குழு என்றால் நாலு குழு. உளவு தொடர்பானது என்பதால் உளவுக் குழுக்களும் சேர்ந்துகொள்ளும். இத்தனை பேரும் ஒரே திட்டத்தை வேறு வேறு கவலையோடு படிப்பார்கள்.

விண்வெளி ராடாரில் அடிப்படைச் சண்டை என்ன தெரியுமா? அது யாருடைய கண் என்பதுதான். போர்க்களத் தளபதிக்கு ஓடுகிற வண்டிகள் தெரிய வேண்டும். உளவுத் துறைக்குத் துல்லியமான படம் வேண்டும். செயற்கைக்கோள் ஒரு இடத்துக்கு மேலே வந்து போகும் சில நிமிஷத்தில், படம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்கு வண்டிகளைப் பின்தொடர முடியாது. யார் சொன்னால் அது திரும்பும், செலவை யார் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்று எழுதிக் கொடுங்கள் என்று குழுக்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. திருப்தியான பதில் வரவில்லை. அந்த நிலையில் முழுப் பணத்தையும் கொடுக்கச் சொல்கிறீர்களா? பாதி கொடுப்பது என்பது ‘பதிலோடு அடுத்த வருஷம் வா’ என்று சொல்லும் வழி.

மலைக்கோட்டை

வாசகி மேடம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். வட்டப்பாதை சார், முழுதாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. சேஃப்கார்ட் என்ற பழைய ஏவுகணைத் தடுப்புத் திட்டம்.

1969 மார்ச்சில் நிக்சன் அறிவித்தார். அதற்கு முன்பு இருந்த சென்டினல் திட்டத்தில் நகரங்களுக்குப் பக்கத்திலேயே அணு ஆயுதம் பொருத்திய இடைமறிப்பு ஏவுகணைகளை வைப்பதாக இருந்தது. பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் புறநகர்வாசிகள் எங்கள் வீட்டுப் பக்கம் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்கள். அதனால் நகரங்களை விட்டுவிட்டு, நிலத்தடி ஏவுகணைக் கிடங்குகளைக் காப்பாற்றுவது என்று நோக்கத்தை மாற்றினார்கள். ஹான்ஸ் பெத்தே மாதிரி விஞ்ஞானிகள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். உண்மையான வெடிமுனைகளோடு போலி முனைகளை எதிரி சேர்த்து அனுப்பினால் ராடார் திணறும் என்பது அவர்கள் வாதங்களில் முக்கியமானது.

1969 ஆகஸ்ட் 6. செனட்டில் மார்கரெட் சேஸ் ஸ்மித் கொண்டுவந்த திருத்தம், சேஃப்கார்டுக்கு ஒரு காசும் கூடாது என்றது. 50க்கு 50. துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ எதிராக வாக்களிக்க, திருத்தம் தோற்றது. அடுத்து கூப்பர், ஹார்ட் கொண்டுவந்த திருத்தம் 49க்கு 51 என்று தோற்றது. இப்படி நூலிழையில் தப்பித்த திட்டத்துக்கு அதன் பிறகு வருஷா வருஷம் பணம் போனது. வடக்கு டக்கோட்டாவில் நெகோமா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் வயல்வெளிக்கு நடுவே உச்சி வெட்டிய கான்கிரீட் பிரமிடு ஒன்று எழும்பியது. நாலு முகத்திலும் வட்டமான ராடார் பரப்பு. மொத்தச் செலவு 600 கோடி டாலர் அளவுக்குப் போனது.

1975 அக்டோபர் 1-ஆம் தேதி முழு அளவில் செயல்பாட்டுக்கு வந்தது. மறுநாள், அக்டோபர் 2, பிரதிநிதிகள் அவை அதை மூட வாக்களித்தது. 1976 பிப்ரவரியில் ஏவுகணைத் தளம் மூடப்பட்டது. முழுப் பணமும் கொடுத்த கதையின் முடிவு இது. இதைவிட 2005-இல் நாலில் ஒரு பங்கு கொடுத்து நிறுத்தியது எவ்வளவோ மேல்.

வட்டப்பாதை

மலைக்கோட்டை, நீங்கள் சொன்ன சேஃப்கார்டில் ஒன்று விட்டுப்போயிற்று. அதே வடக்கு டக்கோட்டாவில் கவலியர் ராடார் இன்னும் வேலை செய்கிறது. வட திசை பார்த்துச் சாய்ந்து நிற்கும் ஒற்றை முகம்; ஹட்சன் விரிகுடா பக்கமிருந்து வரும் ஏவுகணைகளைக் கண்டுபிடிக்கக் கட்டியது. ஏவுகணைத் தளம் மூடியபின் அந்த ராடார் விமானப்படைக்குப் போய், இப்போது விண்வெளிப் படையின் கையில் இருக்கிறது. ஏவுகணை எச்சரிக்கையோடு விண்வெளியில் சுற்றும் பொருள்களையும் அன்றாடம் கணக்கெடுக்கிறது. நெகோமா பிரமிடோ 2012-இல் ஏலத்துக்கு வந்து, ஹட்டரைட் என்ற கிறிஸ்தவ விவசாயச் சமூகத்தார் வாங்கினார்கள்.

சுடும் பகுதிக்குப் போட்ட பணம் வீண். பார்க்கும் பகுதிக்குப் போட்டது ஐம்பது வருஷமாகப் பலன் தருகிறது. காங்கிரஸ் மொத்தமாகப் பார்க்காமல் இதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அலைமுகம்

ராடார் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன். தரை ராடாரையும் விண்வெளி ராடாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கவலியர் நின்ற இடத்தில் நிற்கிறது. அதனால்தான் அரை நூற்றாண்டு உழைக்கிறது.

விண்வெளி ராடாருக்குக் கேட்ட முக்கியமான வேலை, தரையில் நகரும் வண்டியைக் கண்டுபிடிப்பது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு லாரி போகிறது என்று வையுங்கள், அதாவது வினாடிக்கு 11 மீட்டர். செயற்கைக்கோள் வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. ராடார் வேகத்தை அளப்பது எதிரொலியின் அலைவெண் மாற்றத்தை வைத்து. செயற்கைக்கோள் இவ்வளவு வேகமாகப் போவதால், அசையாமல் கிடக்கும் மண், மரம், பாறை எல்லாமே நகர்வது மாதிரித்தான் எதிரொலி தரும். அதுவும் கற்றையின் இந்த ஓரத்துக்கு ஒரு அளவு, அந்த ஓரத்துக்கு வேறு அளவு. மெதுவாகப் போகும் லாரி இந்த இரைச்சலுக்குள் புதைந்துவிடும். அதை வெளியே எடுக்க வேண்டுமானால் கற்றை குறுக வேண்டும், அதற்கு ஆன்டெனா நீள வேண்டும். ஆன்டெனா நீண்டால் எடை ஏறும், மடித்து ராக்கெட்டுக்குள் வைப்பது சிக்கலாகும், விலை ஏறும். தூரம் இன்னொரு தொல்லை. ஒரே ஆன்டெனா, ஒரே சக்தி என்றால், தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகக் குறையும்.

ஜேஸ்டார்ஸ் என்று ஒரு விமானம் இருந்தது. 1991 வளைகுடாப் போரிலேயே பறந்தது. கடைசி விமானம் ஓய்வு பெற்றது 2023-இல். அது இதே வேலையை வினாடிக்கு இருநூறு மீட்டர் அளவு வேகத்தில், மணிக்கணக்காக ஒரே பகுதியைச் சுற்றிக்கொண்டு செய்தது. தாழ்ந்த வட்டப்பாதைச் செயற்கைக்கோள் ஒரு இடத்துக்கு மேலே பத்துப் பதினைந்து நிமிஷம் இருந்தால் அதிகம். தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் ஒன்று போகும்போது அடுத்தது வர வேண்டும். எண்ணிக்கை தானாக ஏறிவிடும்.

காங்கிரஸின் நிதிநிலை அலுவலகம் 2007 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கணக்குப் போட்டது. 5, 9, 21 செயற்கைக்கோள்கள் என்று வேறு வேறு அமைப்பு, 40 சதுர மீட்டர் ஆன்டெனா, 100 சதுர மீட்டர் ஆன்டெனா. எதற்கு எவ்வளவு ஆகும், எவ்வளவு மெதுவான வண்டி தெரியும், மலைகள் எவ்வளவு மறைக்கும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எந்த அமைப்பை எடுத்தாலும் இருபது ஆண்டுச் செலவு ஆயிரக்கணக்கான கோடி டாலர். திட்டத்தை எதிர்க்கிறவரும் ஆதரிக்கிறவரும் ஒரே அட்டவணையைக் காட்டிப் பேசலாம் என்ற அளவுக்கு நேர்மையான ஆவணம் அது. என் வருத்தமெல்லாம் அது 2001-இல் வரவில்லையே என்பதுதான். ஆறு வருஷப் பணம் போனபின் வந்தது.

கேள்விக்காரி

கல்லூரி மாணவி நான், தவறாக நினைக்காதீர்கள். ஓடும் லாரியைப் பார்ப்பதற்கும் ஏவுகணைத் தடுப்புக்கும் என்ன சம்பந்தம்? ஏவுகணை வானத்தில்தானே வருகிறது?

அலைமுகம்

நல்ல கேள்வி தங்கை. பல ஏவுகணைகள் லாரியில் இருந்துதான் கிளம்புகின்றன. 1991-இல் இராக் ஸ்கட் ஏவுகணைகளை நடமாடும் வண்டிகளில் வைத்துச் சுட்டுவிட்டு ஓடி ஒளிந்தது. அமெரிக்க விமானங்கள் பாலைவனம் முழுக்கத் தேடின. அப்படி ஒரு வண்டியையாவது அழித்தோம் என்று போருக்குப் பிறகு உறுதிசெய்ய முடியவில்லை. ‘ஏவும் முன்பே பிடிப்பது’ என்ற ஆசை விண்வெளி ராடாருக்குப் பின்னால் இருந்த பெரிய உந்துதல்களில் ஒன்று.

கிளம்பியபின் பார்க்க வேறு கண்கள். எரியும் வாலை மேலிருந்து பார்ப்பது அகச்சிவப்புச் செயற்கைக்கோள். எரிபொருள் தீர்ந்து, குளிர்ந்த முனை விண்வெளியில் மிதந்து வரும் கட்டத்தில் எது உண்மை முனை, எது போலி என்று பிரிக்கப் பெரிய ராடார் வேண்டும்.

நிதியறிக்கை வாசகி

அகச்சிவப்புச் செயற்கைக்கோள் என்றதும் சிபர்ஸ் என்ற ஏவுகணை எச்சரிக்கைச் செயற்கைக்கோள் திட்டம் ஞாபகம் வருகிறது. 1996-இல் தொடங்கினார்கள். 400 கோடி டாலர் அளவில் முடியும் என்றார்கள். ஆயிரம் கோடியைத் தாண்டியது. 2002-இல் போக வேண்டிய முதல் புவிநிலை (பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும்) செயற்கைக்கோள் 2011 மே மாதத்தில்தான் ஏவப்பட்டது. நன்-மெக்கர்டி சட்டம் என்று 1982-இல் வந்த ஒன்று இருக்கிறது. ஆயுதத் திட்டத்தின் விலை 15 சதவீதம் தாண்டினால் காங்கிரஸுக்குச் சொல்ல வேண்டும். 25 சதவீதம் தாண்டினால், இது நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று பென்டகன் சான்று கொடுக்காவிட்டால் திட்டம் முடிந்துவிடும். சிபர்ஸ் அந்தக் கோட்டை ஒருமுறைக்கு மேல் தாண்டியது, ஒவ்வொரு முறையும் சான்று கொடுக்கப்பட்டது.

விண்வெளி ராடார் குழுக்களுக்கு முன் வந்தபோது சிபர்ஸ் புண் ஆறவில்லை. ‘ஒவ்வொன்றும் 10 கோடிக்குள்’ என்று யாராவது சொன்னால் நம்ப முடியாத மனநிலையில்தான் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

தீவுக்கரை

எல்லோரும் காங்கிரஸ் வெட்டுவதையே பேசுகிறீர்கள். கேட்காததைச் சேர்ப்பதும் அதே காங்கிரஸ்தான். ஹவாய்க்கு ஒரு ராடார் திட்டம் இருந்தது. 2021 நிதியாண்டுக்கான கோரிக்கையில் ஏவுகணைத் தடுப்பு முகமை அதற்குப் பணமே கேட்கவில்லை. காங்கிரஸ் திரும்பச் சேர்த்தது. அடுத்த ஆண்டும் அதே கதை. ஹவாயின் பாதுகாப்பு உண்மையான கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த மாநிலத்தவர் எந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் இந்தப் பட்டியலைப் படிக்கவே முடியாது. கோல்டன் டோம் சட்டம் என்று 2025 ஜூனில் கொண்டுவந்தவர்கள் யார்? அலாஸ்காவின் டான் சல்லிவன், வடக்கு டக்கோட்டாவின் கெவின் கிரேமர். இடைமறிப்பு ஏவுகணைகள் அதிகம் இருக்கும் ஃபோர்ட் கிரீலி அலாஸ்காவில். கவலியர் வடக்கு டக்கோட்டாவில்.

இன்னொன்று, எஸ்.பி.எக்ஸ். கடலில் மிதக்கும் எண்ணெய் மேடை மாதிரியான ஒன்றின் மேல் பெரிய வெள்ளைக் கோளம், உள்ளே எக்ஸ்-பேண்ட் என்ற குறுகிய அலைநீளத்தில் இயங்கும் ராடார். 220 கோடி டாலர் வரை போனது. அலாஸ்காவின் ஆடாக் தீவு அதன் துறைமுகம் என்றார்கள். அது பெரும்பாலும் ஹவாயில்தான் கிடந்தது. தூரத்துப் பொருளை மிக நுட்பமாகப் பார்க்கும், ஆனால் பார்வைக் கோணம் மிகக் குறுகல். எங்கே பார்க்க வேண்டும் என்று வேறு ராடார் முதலில் சொல்ல வேண்டும். கட்டுவதற்கு முன்பே பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய குறை இது. வட்டப்பாதை, ‘பார்க்கும் பகுதிக்குப் போட்ட பணம் பலன் தரும்’ என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

மலைக்கோட்டை

தீவுக்கரை சொன்னது சரி. நான் இன்னும் ஒன்று சேர்க்கிறேன். நிபந்தனை வைத்தால் வேலை நடக்கும் என்பதற்கு ஐரோப்பியத் தளம் நல்ல உதாரணம். போலந்தில் 10 இடைமறிப்பு ஏவுகணை, செக் குடியரசின் பிர்டி மலைப்பகுதியில் ஒரு ராடார் என்று 2007-இல் புஷ் அரசு கேட்டது. அந்த நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஒப்புதல் தராமல் கட்டுமானத்துக்குப் பணம் இல்லை என்றது காங்கிரஸ். பிர்டி பக்கத்து ஊர்க்காரர்கள் வாக்கெடுப்பு வைத்து வேண்டாம் என்றார்கள். 2009 மார்ச்சில் செக் அரசே ஒப்பந்தங்களைத் தன் நாடாளுமன்றத்திலிருந்து திரும்பப் பெற்றது. செப்டம்பரில் ஒபாமா திட்டத்தை மாற்றினார். அங்கே ஒரு கான்கிரீட் தூண்கூட எழும்பவில்லை.

வட்டப்பாதை

மலைக்கோட்டை, இது என் பக்கத்து வாதம்! நிபந்தனை தெளிவு: ஒப்புதல் வந்தால் பணம், வராவிட்டால் இல்லை. இடையில் பாதிப் பணம் என்று ஒன்று இல்லை. விண்வெளி ராடாருக்கு அப்படி ஒரு தெளிவான நிபந்தனையை யாரும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ‘இந்த வேகத்தில் போகும் வண்டியை இந்தத் தூரத்திலிருந்து ஒரு சோதனைச் செயற்கைக்கோள் காட்டட்டும், பிறகு மீதி’ என்று சொல்லியிருந்தால்? அதற்குத்தான் டிஸ்கவரர் 2-இன் இரண்டு செயற்கைக்கோள்கள் இருந்தன. அதை 2000-இல் கொன்றுவிட்டு, அதற்குப் பிறகு எட்டு வருஷம் காகிதத்துக்குப் பணம் கொடுத்தார்கள்.

கேள்விக்காரி

நம் நாட்டில் இந்த மாதிரி விவாதம் நடக்கிறதா? 52 கண்காணிப்புச் செயற்கைக்கோள்கள் என்று 2024-இல் செய்தி படித்தேன்.

நிதியறிக்கை வாசகி

2024 அக்டோபரில் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்த திட்டம் அது, சுமார் 27,000 கோடி ரூபாய். ஒப்புதல் தருவது அமைச்சரவை. நாடாளுமன்றத்துக்கு வருவது அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை. 1993 முதல் பாதுகாப்புக்கான நிலைக்குழு இருக்கிறது, அதன் அறிக்கைகள் படிக்க வேண்டியவை. ஆனால் திட்டத்துக்குத் திட்டம் பணத்தை வெட்டும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அவையிலோ நேரம் முடிந்ததும் மிச்சக் கோரிக்கைகளை மொத்தமாக வாக்குக்கு விட்டுவிடுவார்கள். 2018 மார்ச்சில் மக்களவை எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. அமெரிக்கக் குழுக்கள் மேல் எனக்கு ஆயிரம் குறை இருந்தாலும், ஒரு ராடாருக்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியதை மதிக்கிறேன்.

அலைமுகம்

சரி, இன்றைக்கு வருவோம். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய வரி, செலவுச் சட்டத்தில் கோல்டன் டோமுக்கு ஏறத்தாழ 2,500 கோடி டாலர். அதில் வானில் பறக்கும் இலக்குகளைப் பின்தொடரும் செயற்கைக்கோள்களுக்கு மட்டும் 200 கோடி. இது வழக்கமான ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லை, செனட்டில் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறும் தனி வழி. வாசகி மேடம் சொன்ன இரண்டு கதவும் இதில் இல்லை. செலவுத் திட்டம் போதிய விவரத்தோடு வரவில்லை என்று ஒதுக்கீட்டுக் குழுக்களே பிறகு குறைப்பட்டுக்கொண்டன.

மொத்தம் 17,500 கோடி டாலர் என்று அதிபர் டிரம்ப் 2025 மே மாதம் சொன்னார். அதே மாதம் நிதிநிலை அலுவலகம் போட்ட கணக்கில், விண்வெளி இடைமறிப்பான்கள் மட்டுமே இருபது ஆண்டுக்கு 16,100 கோடி முதல் 54,200 கோடி வரை.

ராடார் பக்கம் இன்னொரு முடிவு எனக்குக் கவலை தந்தது. இ-7 என்ற கண்காணிப்பு விமானத் திட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த வேலையை விண்வெளிக்கு மாற்றப் போகிறோம் என்று 2025 ஜூனில் பென்டகன் சொன்னது. மேலே இருக்கும் கண் திறப்பதற்கு முன்பே கீழே இருப்பதை மூடுவதா? ஓய்வு பெற்ற விமானப்படைத் தளபதிகள் பலர் காங்கிரஸுக்குக் கடிதம் எழுதினார்கள். காங்கிரஸ் பணம் சேர்த்து, விமானத்தை விடாமல் பிடித்து வைத்தது. அந்தத் தலையீடு சரி என்பதே என் கருத்து.

தீவுக்கரை

ராக்கெட் செலவு விழுந்துவிட்டது, செயற்கைக்கோள்களை வரிசையாகத் தயாரிக்கிறார்கள். 2005 கணக்கு இன்றைக்குப் பொருந்துமா?

அலைமுகம்

எண்ணிக்கைச் சிக்கல் நிச்சயம் குறைந்திருக்கிறது. இருபது செயற்கைக்கோள் என்பது அன்றைக்கு மலைப்பு, இன்றைக்கு ஒரே ராக்கெட்டில் போகும் எண்ணிக்கை. ஆனால் லாரியும் அதே லாரி, 7 கிலோமீட்டர் வேகமும் அதே வேகம். ஆன்டெனா நீளத்தை ராக்கெட் விலை குறைக்காது. பல சின்னச் செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஒரு பெரிய ஆன்டெனா போல இயங்கலாம் என்கிறார்கள்; அதை காங்கிரஸ் குழுக்களுக்கு முன்னால் தரவோடு காட்ட வேண்டும்.

கேள்விக்காரி

இதையெல்லாம் நாமே சரிபார்க்க எங்கே தேடுவது?

நிதியறிக்கை வாசகி

பென்டகன் ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் கோரிக்கையோடு வெளியிடும் நியாய விளக்கப் புத்தகங்களில் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பகுதியை எடுங்கள். அதில் ஆர்-2 என்ற படிவம் ஒவ்வொரு திட்டத்துக்கும் இருக்கும். போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு, அடுத்த ஆண்டுகளில் எவ்வளவு என்று ஒரே வரிசை. அந்தந்த ஆண்டு என்ன செய்து முடிப்போம் என்று கீழே எழுதியிருப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுப் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘முடிப்போம்’ என்ற வாக்கியம் அப்படியே அடுத்த ஆண்டுக்கு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரகசியத் திட்டங்களுக்குத் தொகை மறைந்திருக்கும், மற்றதெல்லாம் பொதுவெளியில் இருக்கிறது. விண்வெளிப் படையின் புத்தகத்தில் தொடங்குங்கள். புரியாத வரியை இங்கேயே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம்.